இரண்டு காப்பி

ஊர்ப் பெயரை மாற்றி வருசமாகிறது.
பலகையில் பெஸ்தாரி ஜெயா.
பஸ்ஸில் ஏறுகிறவர்கள் இன்னும்
பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் கேட்கிறார்கள்.
டிக்கெட்டும் கிடைக்கிறது.

என் கடை முகப்பில் 'கெடாய்' என்றிருக்கும்.
நம் கடைதான் அது.
பால்வெட்டக் கூட்டிவந்த சனத்துக்கு வெகுமுன்னே
கப்பலேறி வந்து
சட்டை மாற்றிக்கொண்ட சொல்.

செவ்வாய் காலை
படிவம் ஒன்று பிள்ளைகளுக்கு நாற்பது பிரதி:
நினிவே. அரண்மனைச் சுவர்.
முதுகில் அம்பு தைத்த பெண்சிங்கம்
முன்னங்கால்களால் மட்டும்
தன் பின்பாதியை இழுத்துக்கொண்டு போகிறது.
இயந்திரம் சூடேறும்வரை படித்தேன்.

அசீரிய ராஜா ஓர் ஊரைப் பிடித்தால்
கொன்றதோடு விடமாட்டானாம்.
நாற்றுப் பிடுங்குவதுபோல் சனத்தைப் பிடுங்கி
நூறு காதம் தள்ளி நடுவானாம்.
யார், என்ன தொழில், எத்தனை பிள்ளை,
எவ்வளவு வாற்கோதுமை:
ஈரக் களிமண்ணில் நாணலைக் குத்திக்
கணக்கெழுதக் கிராணிமார் உண்டு.
கிராணி என்று புத்தகத்தில் இல்லை.
அது நான் போட்டது.

அப்படி நடப்பட்டவர்கள் பேசிய அரமேயம்
மெல்ல அரண்மனைப் படியேறி,
கிராணிகளே அதில் எழுதப் பழகி,
ராஜ்யம் போன பிறகும்
சந்தையில் விலை பேசிக்கொண்டிருந்தது.

மத்தியானம் காத்தாயி வந்தார்.
அறுபத்தெட்டு வயது. சிவப்பு ஐசி.
அரிசிச் சாக்கில் சுற்றிய ஒரு செக்ரோல்,
மேட்டுத் தோட்டம்.
கம்பெனி வைத்த பெயர் வேறு, எனக்கு வாயில் வராது.
ஆபீசை இடித்தபோது கொளுத்தக் குவித்ததில்
இது ஒன்றைக் காவலுக்கிருந்த நேப்பாளப் பையன்
தலைக்கு வைத்துப் படுத்திருந்தானாம்.

கறையான் ஓரம் தின்ற நாற்பத்தோராம் பக்கம்.
எண் 212.
ராக்கப்பன், துரை காதில் விழுந்த மாதிரி
இங்கிலீசில் ராகாபென்.
மனைவி ஒன்று.
பிள்ளை ஒன்று, பெண், அரிசி கால் பங்கு.
பெயர் இல்லை.
அந்தக் கால் பங்கு அரிசிதான் காத்தாயி.

கண்ணாடியில் கவிழ்த்து மூடினேன்.
மிஞ்சிக் கிடந்த சிங்கத் தாளை எடுத்துப் பார்த்தவர்
"இந்த ராசா என்ன ஆனாரு?" என்றார்.

அவன் செத்தான், பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள்,
மேதியரும் பாபிலோன்காரரும் சேர்ந்து
மூன்று மாதம் மதிலை முட்டினார்கள், என்றேன்.
உள்ளே வந்ததும் தீ.
உத்தரம் போயிற்று, தோல் போயிற்று,
மெழுகுப் பலகை ஒழுகிப் போயிற்று.
களிமண் ஏடு மட்டும் மாடியோடு சரிந்து
நெருப்பில் வெந்து செங்கல்லாகி
இரண்டாயிரத்து ஐந்நூறு வருசம்
மண்ணுக்குள் கிடந்தது.
ராஜா சொன்ன பொய்யும் கிடந்தது,
யாருக்கு எத்தனை படி என்பதும் கிடந்தது.

"கொளுத்துனவன்தான் காப்பாத்திருக்கான்."

ஆமாம்.

கொஞ்சநேரம் சாக்கை மடித்தார்,
பிரித்தார், மறுபடி மடித்தார்.
"எங்க ஆபீசுல எல்லாமே காயிதம்."

வெளிச்சம் ஒருமுறை கண்ணாடிக்கடியில் ஓடியது.
"ரெண்டு போடு. ஒண்ணு பதிவிலாகாவுக்கு."
மற்றது யாருக்கென்று நான் கேட்கவில்லை.
தாள் சூடாக வந்தது.
நுனியைப் பிடித்து ஆற்றினார்,
கல்லிலிருந்து எடுத்த தோசையை ஆற்றுவதுபோல்.

இருபது சென்.
கொடுத்துவிட்டும் நகரவில்லை.
"ரசீது உண்டா?"

இருபது சென்னுக்கு இதுவரை யாரும் கேட்டதில்லை.
புத்தகத்தைத் தேடித் தூசி தட்டி
கார்பனை நேராக வைத்து
எழுதினேன்: காத்தாயி த/பெ ராக்கப்பன்.
அடித்தாளிலும் விழவேண்டும் என்று
பேனாவை அழுத்தி,
மேசை மரத்தில் தடம் பதிகிற அளவுக்கு.